விரிசலின் குறுக்கே

படிவத்தின் முதல் கேள்வி:
இந்தத் தலம் எந்த மாநிலத்தில் உள்ளது?

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து
டீ ஆறிப்போகும்வரை யோசித்தேன்.
எருக்கங்குன்றின் உச்சியில் எல்லைக்கல் இருக்கிறது.
பாறையில் சம்மணமிட்டிருக்கும் சாமியின்
வலது முழங்கால் சத்தியவேடு பக்கம்,
மிச்சமெல்லாம் நம்முடையது.
இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தேன்.
கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது: வழிபாடு நடக்கிறதா? விவரிக்கவும்.

நடக்கிறது.
தமிழில் மொட்டையாண்டி, தெலுங்கில் குண்டு தேவுடு,
புத்தகத்தில் தீர்த்தங்கரர்.
மயிற்பீலியால் எறும்பை ஒதுக்கிவிட்டு
அடியெடுத்து வைத்தவர்கள் செதுக்கிய சாமி.
அவருக்கு ஆடி மூன்றாம் வெள்ளியில்
நாங்கள் கோழி அறுக்கிறோம்.
இதை இங்கிலீஷில் எழுதக் கை கூசியது.
'உள்ளூர் மக்கள் உணவு படைக்கிறார்கள்' என்று போட்டேன்.
கோழிகளின் சார்பில் ஆட்சேபணை வரவில்லை.

ஏழு மாதம் கழித்து இலோனா வந்தாள்,
கழுத்தில் ஈரத்துண்டு,
படிவத்தில் இல்லாத கேள்விகள்.
சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?
குவாரியில் வேட்டு எத்தனை மணிக்கு?
சாமியின் இடது தோளிலிருந்து இறங்கும் விரிசல்
தூரத்திலிருந்து பார்த்தால் பூணூல்.
கிட்டே போனால் பல்லி குடியிருக்கும்.
அதன் குறுக்கே
சுண்டுவிரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டினாள்.
பாறை நகர்ந்தால் இது உடையும், என்றாள்.
மருந்தில்லை. தெரிந்துகொள்ள மட்டும்.

'இதுக்கா இவ்ளோ தூரம் ஏரோப்ளேன்ல?'
தேசப்பன் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அவளுக்குப் புரிந்துவிட்டது, சிரித்தாள்.

அன்றிலிருந்து அவன்
ஆடுகளோடு குன்று ஏறும் நாளெல்லாம்
மூன்று மணி வேட்டு ஓய்ந்த கையோடு
சில்லைப் படமெடுத்து அவளுக்கும் எனக்கும் அனுப்புவான்.
உடையல.
உடையல.
ஓணான் உக்காந்திருக்கு, உடையல.
அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும்.

பிறகு கடிதம் வந்தது.
வருந்துகிறோம் என்று தொடங்கியது.
வேறொரு நாட்டில் நிலம் நடுங்கி
பழைய மடாலயம் ஒன்று சரிந்திருக்கிறது.
கூரை போன சுவர்களுக்குப்
பனி விழுமுன் முட்டுக் கொடுக்க வேண்டும்.
இந்த வருட நிதி அங்கே போகிறது.
உங்கள் தலம் பட்டியலில் தொடர்ந்து இருக்கும்.

டில்லிபாபு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
எதிர்ப்புற டிபன் வண்டியிலிருந்து
கரண்டியோடு வந்த மஸ்தானம்மா
படம் இருந்தால் காட்டு என்றாள்.
இருந்தது. சுவரில் பாதி முகம் மட்டும் மிஞ்சிய ஒரு பெண்,
காரை உதிர்ந்த இடத்தில் அவள் கை எதையோ ஏந்தியிருந்தது.
வெகுநேரம் பார்த்தாள்.
சட்னி தெறித்த விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.
'நம்மதாச்சும் நின்னுட்டிருக்கு' என்று
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஜெராக்ஸ் மெஷின்மேல் நூறு ரூபாய் வைத்தாள்.

டில்லிபாபு இன்னொரு கெட்ட வார்த்தை சொல்லி
இருநூறு வைத்தான்.
ஆடிக்கென்று எடுத்துவைத்திருந்த
கோழிப் பணமும் சேர்ந்து
நாலாயிரத்து நூற்றுப் பத்து.

பேங்கில் அந்தப் பையன் மூன்று தரம் கேட்டான்.
அங்கிருந்து இங்கேயா?
இங்கிருந்து அங்கேயா?
அவர்களுக்கு, நீங்களா?
மேனேஜர் அறைக்குப் போய்
தூசி தட்டி ஒரு படிவம் கொண்டுவந்தான்.

பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு?
தாய், தந்தை, மகன், மகள், மற்றவை.
மற்றவை எனில் விவரிக்கவும்.

பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன்.
பின்னால் வரிசை நீண்டது.
தூரத்தில் மூன்று மணி வேட்டு.
கவுண்டர் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில்
சட்டைப் பையில் போன் துடித்தது.
உடையல.